கிட்னி மாற்றுக்குப் பிறகு லோசார்டான்: என் அனுபவம்

லோசார்டான் 50 மில்லிகிராம் மாத்திரையைச் சில வருஷமாகச் சாப்பிட்டு வருகிறேன். பிரஷருக்குப் பெயர்போன மாத்திரை. எனக்கு எழுதிக் கொடுத்ததோ, ரத்தம் கெட்டியாகிப் போனதற்கு.

டயாலிசிஸ் காலத்தில் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டாது. மாற்றுக் கிட்னி வைத்து ஒரு வருஷம் ஆவதற்குள் அது 18-க்கு ஏறிவிட்டது. முகம் சிவந்து கிடந்ததைப் பார்த்து சுங்கை சிப்புட் பசாரில் எல்லாருக்கும் சந்தோஷம். "இப்பதான் தம்பி உடம்புல ரத்தம் ஊறியிருக்கு" என்றார் எங்கள் தோட்டத்துப் பழைய மண்டோர், அதாவது மேற்பார்வையாளர். எனக்கோ காலையில் எழுந்தாலே தலை கனக்கும்.

கிட்னி மாற்றியவர்களில் 100-க்கு 8 முதல் 15 பேருக்கு இப்படிச் சிவப்பணு கூடி ரத்தம் கெட்டியாகுமாம். பெரும்பாலும் 8 முதல் 24 மாதத்துக்குள். ஹீமோகுளோபின் 17-ஐத் தாண்டி நின்றால் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும் ஆபத்து உண்டு. முன்பெல்லாம் ரத்தத்தை எடுத்துத்தான் குறைப்பார்கள். ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் பிரஷரை ஏற்றுவதோடு சிவப்பணு உற்பத்தியையும் தூண்டுகிறது. லோசார்டான் அதைத் தடுப்பதால் இரண்டும் இறங்கும். அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை பிரஷரை மட்டும்தான் குறைக்கும்.

எனக்கு முதலில் கொடுத்தது அதே ஹார்மோனைக் குறைக்கும் பெரிண்டோப்ரில். வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. ராத்திரி படுக்க விடாது, கோயிலில் தேவாரம் பாடும்போதுகூட அடக்க முடியாது. லோசார்டானுக்கு மாற்றிய சில வாரத்தில் இருமல் நின்றது. ஹீமோகுளோபின் மட்டும் மெதுவாகத்தான் இறங்கியது. ஒரு மாதத்தில் அசைவு தெரிந்தது, 15-க்கு வர நாலைந்து மாதம் பிடித்தது. அவசரப்படுகிறவர்களுக்கு இது சோதனைதான்.

குறை என்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது. மாற்றுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமலிருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸும் ஏற்றும், இதுவும் ஏற்றும். அதனால் மாத்திரை தொடங்கியதும், அளவைக் கூட்டியதும் ஓரிரு வாரத்தில் பொட்டாசியம், கிட்னி வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பார்த்துவிடுவார்கள். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம். இந்த வெயிலில் இளநீர் கடையைத் தாண்டிப் போவது எவ்வளவு கஷ்டம் என்று தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். பீசாங் கோரெங் என்ற வாழைப்பழப் பொரிப்பும் அப்படியே. சோடியம் குறைந்த உப்பு வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு.

பிரஷர் 120-க்கு வந்துவிட்டதே, இனி எதற்கு என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பலருக்கு ரத்தம் மறுபடி கெட்டியாகிறது. பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் இந்த வகை மாத்திரைகள் கூடவே கூடாது.