ஃபுட்ஹில்லா, டி அன்சாவா?

தங்கை மகனுக்கு யூசி பெர்க்லியில், அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், இடம் கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களுக்குக் கட்டப் பணம் போதவில்லை. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் யூசிக்கு மாறிக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி முடித்தார்கள். அதற்கு அப்புறம்தான் என்னிடம் வந்தான். "மாமா, ஃபுட்ஹில், டி அன்சா ரெண்டுக்கும் நிர்வாகம் ஒண்ணு, ஃபீஸும் ஒண்ணு. எதை வச்சு முடிவு பண்றது?"

சரியான கேள்வி. இரண்டும் சிலிக்கன் பள்ளத்தாக்கில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜ்கள். ஒரே நாளில் இருவரும் இரண்டு வளாகத்தையும் நடந்து பார்த்துவிட்டு வந்தோம். இடையில் 280 நெடுஞ்சாலையில் கால் மணி நேரப் பயணம்தான்.

முதலில் எதில் வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவாசிகளுக்கு இரண்டிலும் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாட அளவைக் கணக்கிடும் ஓர் அலகுக்கு, 31 டாலர். யூசிக்கு மூன்றாம் வருட மாணவராக மாற 90 குவார்ட்டர் யூனிட் தேவை. பெருக்கிப் பாருங்கள், 2,790 டாலர். புத்தகம், சில்லறைக் கட்டணங்கள் தனி. முதன்முறையாக முழுநேரம் சேர்பவர்களுக்கு இதையும் தள்ளுபடி செய்யும் திட்டம் மாநிலத்தில் இருக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் இதைப்போலப் பல மடங்கு கட்ட வேண்டும்.

யூசிக்குப் போகும் வழியும் ஒன்றுதான். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஏதாவது ஒன்றுக்கு, உரிய மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால், 'டேக்' என்ற இட உத்தரவாதம் வாங்கலாம். செப்டம்பர் மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் இதில் சேராது. சாண்டா பார்பராவின் பொறியியல் போன்ற சில பிரிவுகளும் வெளியேதான். ஃபுட்ஹில்லில் படித்தாலும் டி அன்சாவில் படித்தாலும் இந்த விதி மாறாது. "அங்கே படிச்சாதான் யூசி கிடைக்கும்" என்று யாராவது சொன்னால், எந்த விதியை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

இரண்டும் குவார்ட்டர் முறையில் ஓடுகின்றன. மாநிலத்தின் மற்ற கம்யூனிட்டி காலேஜ்களில் பெரும்பாலானவை செமஸ்டர். பன்னிரண்டு வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். நாலாம் ஐந்தாம் வாரமே முதல் தேர்வு வந்து நிற்கும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் எட்டிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் பெர்க்லி, மெர்செட் தவிர மற்ற யூசிக்களும் குவார்ட்டர்தான் என்பதால், மாறிப் போன பிறகு இந்த வேகம் புதிதாகத் தெரியாது.

இனி வேறுபாடுகள். மூத்தது ஃபுட்ஹில். இரண்டையும் நடத்தும் கல்லூரி மாவட்ட நிர்வாகம் 1957-ல் உருவானது. மறு வருடம் மவுன்டன் வியூவில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் வகுப்புகள் தொடங்கின. 1961-ல் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் குன்றின் மேல் 122 ஏக்கரில் இப்போதைய வளாகம் திறந்தது. எர்னஸ்ட் கம்ப் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு. அகலமாக இறங்கும் மரக் கூரைகள், செங்கல், ரெட்வுட் மரம், கட்டடங்களுக்கு நடுவே புல்வெளி.

அந்தக் காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1960-ல் கலிஃபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூசி, முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், படிக்க வருகிற மற்ற எல்லோருக்கும் இரண்டு வருடக் கல்லூரிகள் என்று பிரித்தார்கள். அங்கிருந்து மேலே மாறிப் போகும் பாதையையும் அப்போதே போட்டுவிட்டார்கள். நம் வீடுகளில் விருந்தினர் வந்தால், "பையன் கம்யூனிட்டி காலேஜ்ல..." என்று குரல் இறங்கிவிடுகிறது. எனக்கு அது வலிக்கும். இது இடம் கிடைக்காதவர்கள் போய் ஒதுங்கும் திண்ணை இல்லை. அறுபது வருடத்துக்கு மேலாக இந்த மாநிலம் யோசித்து வைத்திருக்கும் வழி. தங்கையிடமும் இதையே சொன்னேன். இப்போது அவள் குரல் இறங்குவதில்லை.

டி அன்சா ஒன்பது வருடம் இளையது. 1967-ல் கூப்பர்டினோவில், பழைய திராட்சைத் தோட்ட எஸ்டேட் ஒன்றின் 112 ஏக்கரில் திறந்தது. 1776-ல் இந்தப் பக்கமாகக் குதிரையில் போன ஸ்பானியப் பயணத் தலைவர் ஹுவான் பவுடிஸ்டா டி அன்சாவின் பெயர். கூப்பர்டினோ என்ற ஊர்ப் பெயரும், அந்தப் பயணத்தில் இங்கே ஓர் ஓடைக்கு இட்ட பெயரிலிருந்து வந்ததுதான். எஸ்டேட் காலத்து மாளிகை 'லெ பெட்டி ட்ரியனான்' இன்னும் நிற்கிறது.

இந்த வளாகத்தில் பலரும் கேள்விப்பட்டிருப்பது ஃபிளின்ட் சென்டர் அரங்கம். 1984 ஜனவரி 24 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மெக்கின்டாஷ் கணினியை உலகுக்குக் காட்டியது அங்கேதான். முப்பது வருடம் கழித்து ஆப்பிள் வாட்ச் அறிமுகமும் அதே மேடையில். 2019-ல் அரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் டி அன்சாவில் படித்தவர் என்பதைத் தெரிந்துகொண்டதும் பையன் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதற்காக ஒரு கல்லூரியில் சேரக் கூடாது, ஆனாலும் அந்த வெளிச்சத்தை நான் கெடுக்கவில்லை.

நடந்து பார்த்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஃபுட்ஹில்லில் வண்டி நிறுத்தும் இடம் கீழே, வகுப்புகள் மேலே. படிக்கட்டு ஏறி முடிக்கும்போது மூச்சு கொஞ்சம் வாங்கும். ஏறியபின் காற்று மாறிவிடுகிறது. ஓக் மரம், குன்று, அமைதி. தனியாக உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது. ஆனால் வகுப்பு முடிந்ததும் பலரும் நேரே காருக்குப் போய்விடுகிறார்கள். சுற்றிலும் வீடுகள்தான், வளாகத்துக்கு வெளியே ஒரு டீ குடிக்க வேண்டுமென்றால் கீழே இறங்கிப் போக வேண்டும்.

டி அன்சா சமதளம். ஸ்பானிய பாணி வளைவுத் தாழ்வாரங்கள், முற்றங்கள். ஸ்டீவன்ஸ் கிரீக் சாலையும் 85 நெடுஞ்சாலையும் ஒட்டியே இருக்கின்றன. கூட்டம் அதிகம். பத்தரை மணி வகுப்புக்குப் பத்தேகாலுக்குக் காரில் வந்தால் இடம் தேடிச் சுற்ற வேண்டியதுதான். மாணவர் தொகை பெரிது என்பதால், ஒரே பாடம் பல நேரங்களில் நடக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒரு நேரம் நிரம்பினால் இன்னொன்று இருக்கும்.

வளாகத்துக்குள்ளேயே தங்கிப் படிக்க விடுதி இரண்டிலும் இல்லை. அதனால் மாணவர் வாழ்க்கை என்பது வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான். அந்த நேரத்தில் பையன் எங்கே இருப்பான், யாரோடு இருப்பான் என்று நான் யோசித்தேன். டி அன்சாவில் கோளரங்கம் இருக்கிறது, யூஃப்ராட் ஓவிய அருங்காட்சியகம் இருக்கிறது, 'லா வோஸ்' என்று மாணவர் பத்திரிகை வருகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் பழைய பொருள் சந்தை நடத்தி, அந்த வருமானத்தை மாணவர் அமைப்பே செலவழித்த வழக்கம் பல்லாண்டு இருந்தது.

ஃபுட்ஹில்லின் சொத்து வேறு மாதிரி. 1959 முதல் ஒலிக்கும் கேஎஃப்ஜேசி என்ற கல்லூரி வானொலி, 89.7 எஃப்எம். இரவு வண்டி ஓட்டும்போது நான் கேட்டிருக்கிறேன், வேறெங்கும் போடாத இசையைப் போடுவார்கள். குன்றின் மேல் ஒரு வானோக்குக் கூடம் உண்டு. வானம் தெளிந்த வெள்ளி இரவுகளில் பொதுமக்களுக்கும் திறப்பது நெடுநாள் வழக்கம்.

படிப்பை வைத்துப் பார்த்தால் சிலருக்கு யோசிக்கவே வேண்டாம். பல் சுகாதாரம், எக்ஸ்ரே தொழில்நுட்பம், சுவாச சிகிச்சை, கால்நடை மருத்துவ உதவி என்று போகிறவர்களுக்கு ஃபுட்ஹில். கம்யூனிட்டி காலேஜ்கள் நாலு வருடப் பட்டம் கொடுக்கலாம் என்று 2014-ல் சட்டம் வந்தபோது சோதனைக்குத் தேர்ந்தெடுத்த 15 கல்லூரிகளில் அதுவும் ஒன்று, பல் சுகாதாரத்துக்காக. நர்ஸிங், கார் மெக்கானிக் தொழில்நுட்பம், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் என்றால் டி அன்சா. ஆன்லைன் வகுப்புகளில் ஃபுட்ஹில்லுக்கு 1990-களிலேயே தொடங்கிய அனுபவம் இருக்கிறது. சன்னிவேலில் 2016-ல் திறந்த கிளை மையமும் அதனுடையதுதான்.

கணினி அறிவியல் என்று வரும் நம் பிள்ளைகளுக்கு இரண்டிலும் பாடங்கள் இருக்கின்றன. டி அன்சாவில் சிஐஎஸ் 22ஏ, 22பி, 22சி. ஃபுட்ஹில்லில் சிஎஸ் 2ஏ, 2பி, 2சி. இங்கேதான் கவனம் வேண்டும். இரண்டு கல்லூரிக்கும் பதிவு செய்யும் தளம் ஒன்றே என்பதால், ஒரே பருவத்தில் இரண்டிலும் பாடம் எடுக்கலாம். அந்த வசதியே சில நேரம் பள்ளத்தில் தள்ளிவிடும். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும், இயற்பியல் 4ஏ-யிலிருந்து 4டி வரை எந்தப் பகுதியை எந்தப் பருவத்தில் நடத்துகிறார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறலாம். தொடர் முழுவதையும் ஒரே இடத்தில் முடித்தால்தான் சில யூசி துறைகள் ஏற்றுக்கொள்ளும். எந்தப் பாடத்தை எந்த யூசி ஏற்கும் என்று காட்டும் 'அசிஸ்ட்' இணையதளத்தில் போய், போக நினைக்கும் வளாகத்தையும் துறையையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். கல்லூரியின் படிப்பு ஆலோசகர் சொன்னாலும் நீங்களும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு முடிவு எப்படி வந்தது? தங்கை வீடு சாண்டா கிளாராவில், ஸ்டீவன்ஸ் கிரீக் சாலைக்குப் பக்கத்தில். 23-ஆம் நம்பர் பஸ் வாசலுக்கு அருகே நின்று, நேரே டி அன்சாவில் இறக்கிவிடுகிறது. மாணவர் கட்டணத்தோடு பஸ் பாஸும் வந்துவிடுகிறது. வீட்டில் ஒரே கார், அதில் தங்கை வேலைக்குப் போக வேண்டும். ஃபுட்ஹில் என்றால் ஒவ்வொரு நாளும் யாரையாவது கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

கணக்கு, இயற்பியல், கணினி எல்லாம் டி அன்சாவில். பொதுப்பாடமாக ஒரு வரலாற்று வகுப்பை மட்டும் ஃபுட்ஹில்லில் ஆன்லைனில் எடுத்திருக்கிறான். காலை வகுப்பு முடிந்து அடுத்ததுக்கு முன்னால் நூலகத்தில் ஒரு வியட்நாமியப் பெண்ணும், வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்த நாற்பது வயதுக்காரர் ஒருவரும் இவனும் சேர்ந்து கால்குலஸ் போடுகிறார்களாம். "அவர்தான் மாமா எங்களுக்கே சொல்லித் தர்றார்" என்றான் போன வாரம் போனில். பின்னால் பஸ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.