கால் அங்குலத்துக்கு ஒரு பழைய சிங்கர்: கால்மிதி மெஷினில் பேட்ச்வொர்க் கட்டங்கள்

பேட்ச்வொர்க்கில், அதாவது சின்னத் துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் வேலையில், ஆறு துண்டுகளை ஒரே வரிசையாக இணைத்தால் ஐந்து தையல்கள் வரும். ஒவ்வொரு தையலும் அரை நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்) கூடுதலாகத் துணியைத் தின்றுவிட்டால், வரிசையின் முடிவில் இரண்டரை நூல் குறைந்திருக்கும். அதாவது கால் அங்குலத்துக்கும் மேல். ரவிக்கையில் அரை நூல் வித்தியாசம் உடம்போடு போய்விடும். பேட்ச்வொர்க் போர்வையில் அது போக இடமே கிடையாது. பக்கத்து வரிசையில் மூன்று துண்டுகள்தான் இருக்கும், தையல் இரண்டுதான் இருக்கும், அது அவ்வளவாகக் குறையாது. இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், மற்றது சுருங்கும். நட்சத்திர வடிவங்களின் முனைகள் மழுங்கிப்போவதும், பல துண்டுகள் சேர்ந்த கட்டங்கள் சதுரமாக நிற்காததும் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கினால்தான்.

இந்தக் கணக்கைக் காப்பாற்றுவதற்காகப் பல வருடங்களாக நான் நம்பியிருப்பது, சிங்கர் 15 ரகத்தைச் சேர்ந்த கறுப்புக் கால்மிதி மெஷினை. அதன் வரிசை எண்ணின் முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் உண்டு, முதல் எழுத்து 'ஈ'. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் சிங்கர் நடத்திய கில்போவி ஆலையில் செய்யப்பட்டது என்பதற்கு அது அடையாளம். ஆலையை 1980இல் மூடிவிட்டார்கள். ஆனால் மெஷினுக்கு உதிரிபாகம் தேடி நான் அலைந்ததே இல்லை. இந்த ரகத்தின் பாபினும் ஊசியும் உலகம் முழுவதும் வீட்டு மெஷின்களுக்குப் பொது அளவாகிவிட்டன. நம் ஊர் வீடுகளில் இருக்கும் கறுப்பு மெஷின்களில் பலவும் இதே அமைப்பைப் பின்பற்றியவைதான். அதனால் கீழே எழுதியிருப்பது பெயர்ப்பலகை வேறாக இருக்கும் மெஷின்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இந்த மெஷினுக்குத் தெரிந்தது நேர்த்தையல் ஒன்றுதான். துண்டு இணைக்கும் வேலையில் அதுவே அதன் பெரிய பலம். ஊசி பக்கவாட்டில் நகர வழியில்லை. ஒரே இடத்தில்தான் இறங்கும். தகட்டில் இருப்பதும் ஊசி நுழையும் அளவுக்குச் சிறிய வட்டத் துளை. ஜிக்ஜாக் மெஷினில் அந்த இடத்தில் நீளமான பிளவு இருக்கும். மெல்லிய துணியின் முதல் நுனியை, அதுவும் முக்கோணத்தின் கூர்முனையை, ஊசி அந்தப் பிளவுக்குள் அமுக்கிக்கொண்டு போய்விடும். இங்கே அந்தத் தொல்லை மிகக் குறைவு. இருந்தாலும் எந்த வரிசையையும் வெறும் இடத்தில் தொடங்குவதில்லை. முதலில் ஒரு கழிவுத் துணித் துண்டின்மேல் நாலைந்து தையல் ஓட்டி, நூலை அறுக்காமல் அப்படியே உண்மையான துண்டுகளுக்குப் போகிறேன். ஒரு ஜோடி முடிந்ததும் அடுத்த ஜோடி, இடையில் இரண்டு தையல் அளவு வெறும் நூல். தோரணம்போல நீளமாக வந்த பிறகு இடைநூலை வெட்டிப் பிரித்தால் போதும்.

தையலுக்கும் துணி ஓரத்துக்கும் இடையில் விட வேண்டிய கால் அங்குலத்தை எப்படிப் பிடிப்பது? அழுத்தும் பாதத்தின் வலது ஓரத்தை அளவாக நம்பாதீர்கள். ஒரு பாதத்துக்கும் இன்னொரு பாதத்துக்கும் வித்தியாசம் உண்டு. மெஷினின் படுகையில், ஊசித்தகட்டுக்கு வலப்பக்கம், இரண்டு திருகுத் துளைகள் இருக்கும். பலர் அதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். துணி ஓரம் உரசிப் போவதற்கான சிறிய உலோக வழிகாட்டியைப் பொருத்துவதற்காகவே சிங்கர் வைத்த துளைகள் அவை. அந்த வழிகாட்டி கிடைக்காதவர்கள் தடித்த அட்டையை ஒட்டியும் செய்யலாம். வார்ப்பிரும்புப் படுகை என்பதால் காந்த வழிகாட்டியும் நன்றாக ஒட்டும். அலுமினியத்தில் செய்த ஃபெதர்வெயிட் போன்ற மெஷின்களில் அது நிற்காது.

வழிகாட்டியைச் சரியாகக் கால் அங்குலத்தில் வைத்தாலும் கட்டம் சிறுத்துத்தான் வரும். தைத்த துணியை மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பும் கொஞ்சம் துணியை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒன்றிரண்டு இழை அளவு குறைத்துத் தைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை ஸ்கேலால் அளப்பதைவிடத் துணியிடமே கேட்பது நல்லது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கத்தில் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை மிகச் சரியாக ஓர் அங்குலம் காட்ட வேண்டும். மொத்த அகலம் மூன்றரை. நடுப்பட்டை ஒடுங்கினால் வழிகாட்டியை ஊசிப்பக்கம் நகர்த்துங்கள், அகன்றால் வெளியே. நூல் தடிமன் மாறினாலோ, பாப்ளினிலிருந்து கைத்தறிக்கு மாறினாலோ இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தாக வேண்டும். மற்றபடி, இறுக்கிய திருகு இறுக்கியபடியே இருக்கிறது. ஒரு போர்வையின் முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஓரங்கள் பொருந்துகின்றன. இந்த மெஷினை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

கால்மிதியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வேகம் முழுவதும் மிதிக்கும் காலில் இருக்கிறது. தையல்கள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு தையலாக, கைச்சக்கரத்தில் கைவைத்து, ஊசி எங்கே இறங்குகிறது என்று பார்த்தபடி போக முடிகிறது. ஒஹையோ ஸ்டார் என்னும் அமெரிக்கக் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அங்குலக் கட்டமென்றால் வெற்றுச் சதுரங்களுக்கு மூன்றரை அங்குலம். முக்கோணங்களுக்கு நாலேகால் அங்குலச் சதுரத்தை இரு மூலைவிட்டங்களிலும் வெட்ட வேண்டும். முக்கோணங்களைச் சேர்த்த துண்டின் பின்பக்கத்தில் இரண்டு தையல்கள் குறுக்காக வெட்டி, பெருக்கல் குறி போட்டதுபோலத் தெரியும். அடுத்த தையல் அந்தக் குறியின் நடுவிலேயே போனால் முன்பக்கம் நட்சத்திர முனை கூர்மையாக நிற்கும். ஒரு தையல் உள்ளே தள்ளினால் முனை வெட்டுப்பட்டுவிடும். மோட்டார் மெஷினில் நான் அந்த இடத்தைக் கடந்த பிறகுதான் பார்ப்பேன். இங்கே முன்கூட்டியே நிறுத்த முடிகிறது. துண்டின் கடைசி அரை அங்குலம் மட்டும் எந்த மெஷினிலும் பக்கவாட்டில் விலகப் பார்க்கும். குத்தூசியின் முனையால் துணியைப் பிடித்தபடியே பாதத்துக்கு அடியில் அனுப்பினால் நேராகப் போகும்.

மெஷின் எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும், வெட்டுக் கோணலாக இருந்தால் பயனில்லை. எங்கள் தெருத் தையல்கடை அண்ணன் ஒதுக்கித் தரும் வெட்டுத்துணிகள்தான் என் மூலப்பொருள். டூ பை டூ, பாப்ளின், சில சமயம் நல்ல கைத்தறி. முதலில் துவைப்பேன். சாயம் போவதும் சுருங்குவதும் அப்போதே முடிந்துவிடட்டும். பிறகு வடிகஞ்சியை நன்றாக வடிகட்டி, நீர் சேர்த்து, துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுகிறேன். கஞ்சி ஏறிய துணி அட்டைமாதிரி படிந்து கிடக்கும். இப்படி இரு மூலைவிட்டங்களிலும் வெட்டிய முக்கோணங்களின் இரண்டு குட்டைப் பக்கங்களும் இழைக்குச் சாய்வாக வரும்; தொட்டாலே இழுபடும் அந்தப் பக்கங்கள் கஞ்சிக்குப் பிறகு அடங்கி இருக்கும். போர்வை முடிந்ததும் ஒருமுறை துவைத்துவிட வேண்டும். கஞ்சித் துணியை அப்படியே பெட்டியில் வைத்தால் பூச்சி வரும்.

இஸ்திரியும் தைப்பதைப்போலவே முக்கியம். பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்துங்கள். ஒரு வரிசையின் தையல் ஓரங்களை இடப்பக்கமும் அடுத்த வரிசையில் வலப்பக்கமும் சாய்த்தால், சேர்க்கும்போது இரண்டு மேடுகளும் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். குண்டூசிகூட அநேகமாகத் தேவைப்படாது.

அங்குலத்துக்கு 12 தையல் எனக்குச் சரிப்படுகிறது. ஊசி 11 அல்லது 12ஆம் எண். நூல் மெல்லியதாக இருக்கட்டும். இந்த ரகத்தில் ஊசியின் தட்டைப் பக்கம் இடதுபுறம் பார்க்கும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். மேல்துணி முன்னால் தள்ளப்பட்டு இரண்டு துண்டுகளும் சமமாக முடியாவிட்டால், பாதக்கம்பியின் உச்சியில் இருக்கும் அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். டென்ஷனைத் தொடாதீர்கள்.

பராமரிப்புச் செலவு மிகக் குறைவு. பல்லுக்கு அடியில் சேரும் பஞ்சை அவ்வப்போது எடுக்கிறேன். அங்கே பஞ்சு அடைத்தால் துணி சீராக நகராது, தையல் நீளமும் மாறும். தையல் மெஷின் எண்ணெய் தவிர வேறு எதுவும் விடக்கூடாது. தேங்காய் எண்ணெய் விட்டு இறுகிப்போன மெஷின்கள் ஏராளம். தங்க நிறச் சித்திரங்கள் உள்ள பழைய மெஷினை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள்; மேற்பூச்சு கரைந்துவிடும். தோல் பெல்ட் தளர்ந்தால் சிறிது வெட்டி மீண்டும் கம்பி மாட்டினால் போதும். பாபின் சுற்றும் ரப்பர் வளையம் வயதானால் கெட்டியாகி வழுக்கும், விலை அற்பம்தான்.

இதனால் முடியாத வேலைகளும் உண்டு. ஊசிக்கும் தூணுக்கும் இடையிலான இடைவெளி சிறியது. பெரிய போர்வையின் மூன்று அடுக்குகளையும் சுருட்டி அதற்குள் நுழைத்துத் தைப்பது தோள்பட்டைக்கு வதை. கட்டங்களை மெஷினில் இணைத்துவிட்டு, அடுக்குகளைக் கையால் ஓட்டுத்தையல் போட்டே முடிக்கிறேன். விளக்கு கிடையாது, கறுப்பு நூல், கறுப்புத் துணி என்றால் பகலில்தான் வேலை. பழைய மெஷின் தலைகள் சிலவற்றில் பின்தையல் இல்லை, ஆனால் இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. ஒவ்வொரு தையலின் நுனியையும் அடுத்த தையல் குறுக்கே போய்ப் பிடித்துக்கொள்கிறது.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் கையில் இரண்டு துண்டுத் துணி எடுத்துச் செல்லுங்கள். கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். எங்கும் தட்டாமல் சுழல வேண்டும். ஊசிக்கம்பியை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். அது பக்கவாட்டில் ஆடினால், வழிகாட்டியை எவ்வளவு கவனமாக வைத்தாலும் கால் அங்குலம் நிலைக்காது. அந்த மெஷினை விட்டுவிடுங்கள். கடைசியாக ஊசித்தகட்டின் துளையைச் சுற்றி ஊசி குத்திய வடுக்கள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் நூல் சிக்கும், ஆனால் அதற்காக மெஷினை ஒதுக்க வேண்டாம். அந்தத் தகடு உதிரிபாகக் கடைகளில் தனியாகவே கிடைக்கும்.