டிக்கி பெற்ஸின் மெட்டுக்காகவே கேட்கவேண்டிய இசைத்தட்டு: 'பிரதர்ஸ் அன்ட் சிஸ்டர்ஸ்'

அமெரிக்க ரொக் குழுவான ஓல்மன் பிரதர்ஸ் பாண்ட் என்றதும் எல்லாரும் டுவேன் ஓல்மனின் ஸ்லைட் கிற்றாரைத்தான் (விரலில் மாட்டிய குழாயைக் கம்பியில் சறுக்கி வாசிப்பது) பேசுவார்கள். பேசட்டும், அது அவருக்குரிய மரியாதை. ஆனால் 1971 ஒக்டோபரில் டுவேனும், அடுத்த ஆண்டு நவம்பரில் பேஸ் வாசித்த பெரி ஓக்லியும் மோட்டார்சைக்கிள் விபத்துகளில் இறந்தபின் பாண்டைத் தூக்கி நிறுத்தியவை அதன் மற்றக் கிற்றார்காரர் டிக்கி பெற்ஸின் மெட்டுகள். 1973இல் வந்த இந்தத் தட்டின் ஏழில் நான்கு அவருடையவை. அவற்றில் ஒன்றான 'ராம்பிளிங் மேன்' அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் 2ஆம் இடம்வரை போனது.

தட்டின் உயிர் 'ஜெசிக்கா'. ஏழரை நிமிடம், பாட்டு வரி ஒன்றும் கிடையாது. இடக்கையின் இரண்டு விரல்கள் தீக்காயத்தால் முடங்கியும் அசத்திய ஜாஸ் கிற்றார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு மரியாதையாக, இரண்டே விரல்களால் வாசிக்கக்கூடிய மெட்டாகத்தான் பெற்ஸ் இதைத் தொடங்கினார், பெயர் மகளுடையது. டுவேனின் இடத்துக்கு இன்னொரு கிற்றார்காரரைத் தேடாமல் சக் லெவெலின் பியானோவைச் சேர்த்ததும் நல்ல முடிவு. நடுவில் வரும் அவருடைய பியானோ தனியைக் கேட்டால் விளங்கும். பிபிசியின் கார் நிகழ்ச்சி 'டொப் கியர்' பார்த்தவர்களுக்கு அதன் முகப்பிசையாக இந்த மெட்டு முன்பே பழக்கம்.

பெற்ஸ் மேஜர் ஸ்கேலில் ஏழாம் சுரத்தைப் பெரும்பாலும் தொடமாட்டார். மிஞ்சுவது ச ரி க ம ப த, அதாவது காம்போதி ராகத்தின் ஆரோகணச் (ஏறுவரிசைச்) சுரங்கள். மட்டக்களப்பு, கல்லடி விபுலானந்த நிறுவகத்தில் சங்கீதம் படிக்கும் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள்.

தேவாலயத்திலோ கல்யாண பாண்டிலோ இரண்டு லீட் கிற்றார் சேர்த்து வாசிக்க விரும்புவோர் பெற்ஸிடம் படிக்கவேண்டியது இணைச்சுரம், அதாவது ஒரே மெட்டை இருவர் வெவ்வேறு சுரத்தில் சேர்ந்து வாசிப்பது. ஏ மேஜரில் ஒருவர் ஏ வாசித்தால் மற்றவர் நாலு ஃப்ரெட் (கிற்றார் கழுத்திலுள்ள கட்டை) மேலே சி ஷார்ப். பி வந்தால் மூன்று ஃப்ரெட் மேலே டி. சி ஷார்ப்புக்கும் மூன்று, டிக்கு மறுபடி நாலு. எல்லாவற்றுக்கும் நாலு என்று பிடித்தால் பியில் டி ஷார்ப் விழும், அந்த ஸ்கேலில் இல்லாத சுரம், காதைக் குத்தும். கம்பியை வளைக்கும் இடங்களில் இருவரும் ஒரே வேகத்தில் வளைத்து ஒரே நேரத்தில் நிறுத்தவேண்டும். ஒருவர் முந்தினாலும் சுருதி அடித்துக்கொள்ளும். கல்லடிக்கு அருகே நாவலடிக் கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருவேறும். ஒரு கிற்றாரில் புதுக்கம்பியும் மற்றதில் துருக்கம்பியும் இருந்தால் வெறுங்கம்பியில் சேர்ந்த சுருதி 12ஆம் ஃப்ரெட்டில் பிரிந்துவிடும். இருவரும் ஒன்றாகவே கம்பி மாற்றுங்கள், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

'ஜெல்லி ஜெல்லி' சாதாரண மந்த புளூஸ், தட்டின் வேகத்தை இழுத்துவிடுகிறது. கடைசியில் வரும் 'போனி போய்' அதைச் சரிக்கட்டுகிறது.

இந்தத் தட்டுக்குப் பிறகு 1972இன் 'ஈட் எ பீச்' தட்டில் பெற்ஸ் எழுதிய 'புளூ ஸ்கை' கேளுங்கள். டுவேன் முதலில் தனியே வாசிக்கிறார், பிறகு இருவரும் இணைச்சுரத்தில் சேர்கிறார்கள், அங்கிருந்து பெற்ஸ் எடுத்துப்போகிறார். மேலே சொன்ன பாடம் முழுவதும் அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது.