ஃபோர்ட் கொச்சி போகிறீர்களா? வாங்கிய மீனைக் கண்ணை விட்டு அகல விடாதீர்கள்

போன வியாழக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஃபோர்ட் கொச்சி போய் வந்தேன். கோவையிலிருந்து விடியற்காலை ரயில். எறணாகுளம் படகுத்துறையிலிருந்து அரசுப் படகு, ஆளுக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை. கரையோரமாகவே நடந்து மட்டாஞ்சேரி வரை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு ஒரே ஆசைதான்: மட்டாஞ்சேரி அரண்மனையில் ராஜாவின் படுக்கையறைச் சுவர் முழுக்க வரைந்திருக்கும் ராமாயணத்தைப் பார்க்க வேண்டும்.

காலை நன்றாகத்தான் போனது. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோட காமாவை 1524-இல் புதைத்த இடத்தைப் பார்த்தோம். உடலைப் பிறகு போர்த்துகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது. அங்கிருந்து சீன வலைகளுக்கு நடந்தோம். கரையோர மேடையிலிருந்து தண்ணீரில் இறக்கித் தூக்கும் பெரிய மீன்பிடி வலைகள் அவை. கயிறுகளில் பாறாங்கற்களைக் கோத்து எடைக்கு எடை நிறுத்தியிருக்கும் அந்த வேலைப்பாட்டை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். “வாங்க அக்கா, நீங்களும் இழுங்க, போட்டோ எடுத்துக்கலாம்” என்று ஒருவர் தமிழிலேயே கூப்பிட்டார். இரண்டு தடவை கயிற்றை இழுத்தேன். இறங்கும்போது ஐந்நூறு ரூபாய் கேட்டு வழியை மறித்து நின்றார்கள். இருநூறு கொடுத்த பிறகுதான் விட்டார்கள். ஏறுவதற்கு முன்பே “எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். தூர நின்று பார்க்க யாரும் காசு கேட்பதில்லை.

என் வயிற்றெரிச்சல் மீன் விஷயத்தில்தான். வலைகளுக்குப் பக்கத்திலேயே மீன் தட்டுகள் வரிசையாக இருக்கும். அங்கே மீன் வாங்கிக் கொடுத்தால் பக்கத்துக் கடையில் சமைத்துத் தருவார்கள். அம்மா தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர், மீனில் அவரை ஏமாற்ற முடியாது என்ற தைரியத்தில் இருந்தேன். செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஒரு வாவல் எடுத்தார். அங்கே அதை ஆவோலி என்கிறார்கள். 800 கிராம், கிலோ 1,200 என்று 960 ரூபாய். வால் நுனியில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது, அதற்காக அம்மா கொஞ்சம் பேரம்கூடப் பேசினார். அரைக்கிலோ இறால் 350 ரூபாய், அதையும் ஒவ்வொன்றாக அவரே பொறுக்கிப் போட்டார். மொத்தம் 22 இறால். கடைப் பையன் பையை வாங்கிக்கொண்டு, “நீங்க உள்ள உக்காருங்க” என்று பின்பக்கம் போய்விட்டான். நாங்களும் வெயிலுக்கு விசிறிக் காற்று கிடைத்ததே என்று உட்கார்ந்துவிட்டோம். நாங்கள் செய்த தப்பு அதுதான்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தட்டு வந்தது. அம்மா கை வைக்கவில்லை, வாலைத் திருப்பிப் பார்த்தார். “ஏட்டி, இது நம்ம மீன் இல்ல.” வால் முழுசாக இருந்தது, கிழிசலே இல்லை. பிட்டுப் பார்த்தால் சதை மாவு மாதிரி குழைந்தது. பல நாள் ஐஸில் கிடந்த மீன் அப்படித்தான் இருக்கும், புது வாவல் ஏடு ஏடாகப் பிரியும். இறாலை எண்ணினால் 13. கேட்டதற்கு, “வேகும்போது சுருங்கும் சேச்சி” என்றார் கடைக்காரர். இறால் அளவில் சுருங்கும், சரி, எண்ணிக்கையிலுமா சுருங்கும் என்று அம்மா கேட்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் பில். சமையல் கூலி கிலோ கணக்கு என்றுதான் வெளியே நின்ற ஆள் சொல்லியிருந்தார். பில்லில் ஒரு வகைக்கு 450 வீதம் 900, சோறு, தண்ணீர் சேர்த்து இன்னொரு 240. மீன் காசோடு மொத்தம் 2,450 ரூபாய். வாக்குவாதம் முற்றி, பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் பார்க்க ஆரம்பித்ததும் அம்மாதான் “கொடுத்துட்டு வா” என்றார். ஃபோர்ட் கொச்சியில் சுற்றுலா போலீஸ் இருக்கிறது, நேராக அங்கே போயிருக்க வேண்டும். போகாமல் வந்தது இன்னும் மனதை அறுக்கிறது.

அங்கே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்றால் கூலியைத் தாளில் எழுதி வாங்குங்கள். மீனை உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள், சட்டியில் விழும் வரை ஒருவர் பக்கத்திலேயே நில்லுங்கள். தராசில் தட்டை வைத்து எடை பூஜ்யமாக்கிய பிறகு மீனைப் போடச் சொல்லுங்கள்.

இந்தச் சண்டையிலேயே மணி இரண்டு தாண்டிவிட்டது. மட்டாஞ்சேரிக்கு இரண்டரைக் கிலோமீட்டர்தான், பஜார் ரோடு வழியாக இஞ்சியும் மிளகும் மணக்கும் பழைய கிடங்குகளைப் பார்த்தபடி நடக்கலாம் என்று நினைத்திருந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் ஆட்டோ பிடித்தேன். “ஐம்பது ரூபா, எல்லா இடமும் காட்டுவேன்” என்றார். ஏறி உட்கார்ந்த பிறகு, “அரண்மனை மூடியிருக்கு, நாலு மணிக்குத்தான் திறப்பாங்க” என்று சொல்லி ஒரு மசாலாக் கடைக்குக் கொண்டுபோனார். அப்புறம் மூன்று மாடிக் கைவினைப் பொருள் கடை, அப்புறம் ஒரு சேலைக் கடை. பத்து நிமிஷமாவது உள்ளே இருந்தால்தான் அவருக்குக் கமிஷனாம், அவரே கெஞ்சிக் கேட்டார். நாங்கள் அரண்மனை வாசலுக்குப் போனபோது டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டார்கள். மத்தியானம் முழுக்கத் திறந்துதான் இருந்தது என்று வாசலில் இருந்தவர் சொன்னார்.

அரண்மனைக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. பக்கத்திலுள்ள 1568-ஆம் ஆண்டு யூத ஜெப ஆலயம் சனிக்கிழமை கிடையாது. வேறு நாளில் யாராவது “மூடியிருக்கு” என்று சொன்னால், நேரில் போய்க் கதவைப் பார்க்காமல் நம்பாதீர்கள். ஜெப ஆலயத்தின் நீலப் பூ வரைந்த தரை ஓடுகளையும் அன்று நாங்கள் பார்க்கவில்லை, ஐந்து மணியோடு அதுவும் முடிந்துவிட்டது.

திரும்பும் படகில் அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. எறணாகுளம் கரை வரும்போதுதான் சொன்னார்: “அடுத்த மாசம் வருவோம்ட்டி. இறங்குனதும் நேரா அரண்மனைக்குத்தான். புளிச்சோறு கட்டி எடுத்துக்கிடுவோம்.”