பேபி ஆஸ்டினா, மாரிஸ் எய்ட்டா, ஃபோர்டு ஒய்யா?

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே வந்த பிரிட்டிஷ் கார்கள் என்றால் உடனே ரோல்ஸ் ராய்ஸும் பென்ட்லியும்தான் பேச்சுக்கு வரும். எனக்கு அவற்றைவிட அந்தக் காலத்துச் சின்ன கார்கள் மேல்தான் பிரியம். பள்ளி ஆசிரியரும் ஆபீஸ் குமாஸ்தாவும் குடும்பத்தோடு காரில் போகலாம் என்று ஆக்கியவை அவைதான். அவற்றில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஆஸ்டின் செவன், மாரிஸ் எய்ட், ஃபோர்டு ஒய். இதில் முதலாவதை 'பேபி ஆஸ்டின்' என்று சொன்னால் சென்னையிலும் கொழும்பிலும் பழைய ஆட்களுக்கு உடனே புரியும்.

முதலில் சாலை வரி. 1921 முதல் பிரிட்டனில் கார் வைத்திருப்பவர் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு என்று ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்தது. இந்தக் குதிரைத்திறனை எஞ்சினை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போய்வருகிறது (இதுதான் ஸ்ட்ரோக்) என்பதற்குக் கணக்கில் இடமே இல்லை. அதனால் சிலிண்டரை ஒல்லியாக வைத்து ஸ்ட்ரோக்கை நீட்டினால், வரி ஏறாமல் எஞ்சின் பெரிதாகிவிடும். அகலமான சிலிண்டர்கள் கொண்ட ஃபோர்டு டி மாடலுக்கு வரி 23 பவுண்டு. ஆஸ்டின் செவனுக்கு 8 பவுண்டு.

நம் மூன்று கார்களின் அளவைப் பாருங்கள். ஆஸ்டினின் சிலிண்டர் விட்டம் 56 மி.மீ., ஃபோர்டுக்கு 56.6, மாரிஸுக்கு 57. கிட்டத்தட்ட ஒரே அளவு. ஸ்ட்ரோக் மட்டும் ஆஸ்டினில் 76 மி.மீ., மாரிஸில் 90, ஃபோர்டில் 92.5. ஆகவே எஞ்சினின் கொள்ளளவு ஆஸ்டினில் 747 சி.சி., மாரிஸில் 918, ஃபோர்டில் 933. மூன்றும் ஏறக்குறைய ஒரே வரிக்குள் நிற்கின்றன. ஆனால் மேட்டில் ஏறும்போது ஆஸ்டின்காரர் சீக்கிரம் கியரை இறக்க வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் எஞ்சின்கள் பல ஆண்டுகள் ஒல்லியும் நெட்டையுமாகவே இருந்ததற்கு இந்த வரிக்கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆஸ்டின் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1921-ல் அந்தக் கம்பெனி கடனில் மூழ்கி, நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கையில் இருந்தது. சின்ன கார் செய்யலாம் என்று ஹெர்பர்ட் ஆஸ்டின் சொன்னதை இயக்குநர்கள் ஏற்கவில்லை. அவர் ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது வரைவாளரைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, பில்லியர்ட்ஸ் அறையில் உட்கார்ந்து படம் போட்டார். 1922-ல் கார் வெளிவந்தது. சைடு கார் வைத்த மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்துகொண்டு போகும் குடும்பங்களைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். எடை ஏறக்குறைய 360 கிலோ. பெரிய காரைச் சுருக்கிச் சின்னதாக்கவில்லை. சின்ன காராகவே யோசித்துச் செய்தார். 'ஏ' எழுத்துபோல் முன்னால் குவிந்து பின்னால் விரியும் சேசிஸ் (காரின் அடிச்சட்டம்), முன்னால் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங், அவ்வளவுதான். அதோடு நான்கு சக்கரத்துக்கும் பிரேக், நான்கு சிலிண்டர் எஞ்சின்.

சரி, குறைகள்? இருந்தன, கொஞ்சமாக இல்லை. நான்கு சக்கர பிரேக் என்றாலும் ஆரம்பத்தில் காலால் மிதித்தால் பின்சக்கரங்கள்தான் பிடிக்கும், கைப்பிடியை இழுத்தால் முன்சக்கரங்கள். 1930-ல்தான் இரண்டும் ஒரே மிதிக்கு வந்தன. க்ளச் பெடல் மிகக் குறைந்த தூரமே நகரும். பழகாதவர் காலை எடுத்தால் கார் குதித்து நின்றுவிடும். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்க இரண்டே பேரிங். மூன்றாவது 1936-ல் வந்தது. ஆனாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் இந்த வகையில் இதுதான் முன்னால் நின்றது.

இதைப் பார்த்து வில்லியம் மாரிஸ் சும்மா இருக்கவில்லை. 1927-ல் உல்ஸ்லி கார் கம்பெனி ஏலத்துக்கு வந்தபோது, ஆஸ்டினும் கேட்டார், மாரிஸும் கேட்டார். மாரிஸ் 7,30,000 பவுண்டு கொடுத்து எடுத்துக்கொண்டார். அந்தக் கம்பெனியின் கைவண்ணத்தில் வந்த 847 சி.சி. எஞ்சினோடு 1928-ல் மாரிஸ் மைனர் வந்தது. (போருக்குப் பின் வந்து நம் சாலைகளில் ஓடிய மைனர் வேறு, பெயர் மட்டும் அதே.) எஞ்சின் அருமையானதுதான். ஆனால் மேலே இருந்து வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சுழற்றும் தண்டு, மின்சாரம் தரும் டைனமோவுக்குள் புகுந்து போனது. எண்ணெய் கசிந்து டைனமோவில் இறங்கியது. சாதாரண மனிதருக்கு விற்கும் காரில் இப்படி ஒரு நுணுக்கம் தேவையே இல்லை என்பது என் எண்ணம். மாரிஸும் அப்படி நினைத்திருக்க வேண்டும். 1931-ல் எளிய பக்கவாட்டு வால்வு எஞ்சினைப் போட்டு, இரண்டு பேர் உட்காரும் மைனரை நூறே பவுண்டுக்கு விற்றார். பேச்சு பெரிதாக நடந்தது, விற்பனை அந்த அளவுக்கு நடக்கவில்லை. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, கூரையும் கதவும் ஒழுங்காக உள்ள காராக இருக்கட்டும் என்றுதான் வாங்க வந்தவர்கள் நினைத்தார்கள்.

அப்புறம் ஃபோர்டு. டி மாடலையும் ஏ மாடலையும் வைத்துக்கொண்டு இந்த வரிக்கு முன்னால் அவர்களால் நிற்க முடியவில்லை. லண்டன் அருகே டாகன்ஹாமில் புதிதாக எழுப்பிய பெரிய தொழிற்சாலை 1931-ல் உற்பத்தியைத் தொடங்கியது, ஆனால் அங்கே செய்வதற்கு விற்கக்கூடிய சின்ன கார் இல்லை. அமெரிக்காவின் டியர்பார்னில் ஒய் மாடலை அவசர அவசரமாக வரைந்து, 1932 பிப்ரவரியில் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் மாதிரிகளைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டு வடிவத்தைத் திருத்தி, ஆகஸ்டிலேயே உற்பத்தி தொடங்கினார்கள். விலை 120 பவுண்டு. மேல் இரண்டு கியருக்கு, கியர் உரசாமல் மாற உதவும் சின்க்ரோமெஷ் இருந்ததால், ஒவ்வொரு கியருக்கும் க்ளச்சை இரண்டு முறை மிதிக்கும் டபுள் க்ளச் தெரியாதவரும் ஓட்டலாம். 1935 அக்டோபரில் விலையை 100 பவுண்டுக்கு இறக்கினார்கள். மூடிய உடலும் நான்கு இருக்கையும் உள்ள காரை அந்த விலைக்குக் கொடுத்தவர்கள் வேறு யாரும் இல்லை. மாரிஸின் நூறு பவுண்டு காரோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மாரிஸ் விலையை இறக்கப் பொருளைக் குறைத்தார். ஃபோர்டு கூரையையும் இருக்கையையும் குறைக்காமல் விலையை இறக்கியது.

இந்த விலை இறக்கத்துக்கு முன்பே, ஃபோர்டு ஒய்க்குப் பதிலாகத்தான் மாரிஸ் எய்ட் வந்தது. மாரிஸின் கௌலி தொழிற்சாலையை அதன் நிர்வாகி லெனர்ட் லார்டு அசெம்ப்ளி லைனுக்கு மாற்றி அமைத்தார். 1934 கடைசியில் அறிவிக்கப்பட்ட காரின் எஞ்சினைத் திறந்து பார்த்தால் ஃபோர்டின் சாயல் நன்றாகவே தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை; நல்லதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். முக்கியமாக, ஃபோர்டு விட்ட இடங்களைப் பிடித்தார்கள். ஃபோர்டில் முன்னும் பின்னும் குறுக்கு ஸ்பிரிங் ஒவ்வொன்று. திருப்பத்தில் வண்டி சாயும். மாரிஸில் சக்கரத்துக்கு ஒரு நீளப் பட்டை ஸ்பிரிங். ஃபோர்டின் வைப்பர் எஞ்சினின் உறிஞ்சலில் ஓடுவதால், மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது நின்றுபோகும், மழையில் கண்ணாடி மறைந்துவிடும். மாரிஸில் மின்சார வைப்பர். எல்லாவற்றையும்விட, மாரிஸில் ஹைட்ராலிக் பிரேக், அதாவது திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக். ஆஸ்டினும் ஃபோர்டும் இன்னும் கேபிளையும் கம்பியையும் நம்பிக்கொண்டிருந்தன. அவற்றை அடிக்கடி முறுக்கிச் சரிசெய்யாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மாரிஸ் சலூனின் விலை 132 பவுண்டு 10 ஷில்லிங். ஃபோர்டைவிட அதிகம்தான், ஆனாலும் 1938-க்குள் இரண்டு லட்சத்துக்கு மேல் விற்றது.

அப்படியானால் எது? அன்றைக்குக் கையில் பணத்தை வைத்துக்கொண்டு, குடும்பத்தை ஏற்றி மழையில் மலைச் சாலையில் போகவேண்டிய மனிதனாக என்னை வைத்து யோசித்தால், தயங்காமல் மாரிஸ் எய்ட்தான். அந்த பிரேக் ஒன்றுக்காகவே கூடுதல் பணம் கொடுப்பேன். கையில் சரியாக நூறுதான் இருக்கிறது என்றால் ஃபோர்டு. 1935-க்குப் பிறகு புதிதாக ஓர் ஆஸ்டின் செவன் வாங்குவதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அப்போது அதற்கு வயது பதின்மூன்று ஆகிவிட்டது.

ஆனால் இரண்டாம் கையாக வாங்கிப் பிரித்து, தானே ஏதாவது செய்து பார்க்க நினைத்தவர்களுக்கு ஆஸ்டினைப் போல் இன்னொன்று இல்லை. சேசிஸ் தனி, உடல் தனி, எடை குறைவு, ஒவ்வொரு பாகமும் கையில் தூக்குகிற அளவு. ஜெர்மனியின் ஐஸனாக்கில் 1927 முதல் உரிமம் வாங்கி டிக்ஸி என்ற பெயரில் இதைச் செய்தார்கள்; அடுத்த ஆண்டு அந்தத் தொழிற்சாலையை வாங்கித்தான் பி.எம்.டபிள்யூ கார் தொழிலுக்கே வந்தது. ஜாகுவாரைப் பின்னாளில் உருவாக்கிய வில்லியம் லயன்ஸ் முதலில் உடல் கட்டிய கார் இதுதான். பின்னாளில் மெக்லாரன் பந்தயக் கார் அணியைத் தொடங்கிய புரூஸ் மெக்லாரன் நியூசிலாந்தில் சிறுவனாகப் பந்தயம் ஓட்டப் பழகியதும், 1948-ல் லோட்டஸ் கார்களை உருவாக்கிய காலின் சாப்மன் தன் முதல் லோட்டஸைக் கட்டியதும் பழைய ஆஸ்டின் செவன்களில்தான்.