கோலாலம்பூர் மேடையா, டோக்கியோ பயிற்சிக்கூடமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அக்கா மகனுக்குத் தொழில்முறை மல்யுத்தத்தில் இறங்க ஆசை. இங்கேயே தொடங்குவதா, ஜப்பானுக்குப் போவதா என்று கேட்கிறான்.

இங்கே என்றால் கையிலிருக்கும் வேலை போகாது. வார நாளில் சம்பளம், வார இறுதியில் மேடை. 2014-இல் தொடங்கிய மலேசியா புரோ ரெஸ்லிங் என்ற அமைப்பில்தான் தூடோங் (முக்காடு) அணிந்த நோர் டயானா 2019-இல் நான்கு ஆண்களைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார். ஆனால் கூட்டம் சின்னது. அதை மட்டும் நம்பினால் சோறு கிடைக்காது.

ஜப்பான் வேறு கதை. 1972-இல் தொடங்கிய நியூ ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தின் பயிற்சிக்கூடத்தில் புதியவனுக்கு வெறும் கறுப்புக் கால்சட்டைதான், பளபளப்பெல்லாம் பிறகு. தோப்புக்கரணம் மாதிரி நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழ வேண்டும். சமையலும் கூட்டிப் பெருக்குவதும் அவன் தலையில். மேடையேறினாலும் மூத்தவர்களிடம் தோற்றுக்கொண்டே இருப்பான். யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி வைத்ததுதானே; எதிராளியைப் பெரிய ஆளாகக் காட்டத் தெரிந்தவனைத்தான் அடுத்த ஊரிலும் கூப்பிடுவார்கள். நாடோடி மல்யுத்த வீரனின் பிழைப்பே அதுதான்.

முதல் இரண்டு வருடம் இங்கேயே அடிபடாமல் விழப் பழகட்டும் என்பேன். முட்டி தாங்கினால் அப்புறம் ஜப்பான். இந்திய மல்லர் தாரா சிங்கே கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்றுதான் பேரெடுத்தார். சரி, அக்காவிடம் யார் சொல்வது?