500 ரூபாய்க்குள்ள பழைய இலக்கியம் வாங்குறது: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு

முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு எல்லாரும் எனாமல் பாத்திரம், மரத்தூணு, பழைய கண்ணாடி இதெல்லாம் வாங்கத்தான் போவாங்க, நான் போனது புத்தகத்துக்கு. பெரிய வீட்டு சாமானெல்லாம் வெலைக்கு வர்றப்ப அலமாரில இருந்த புத்தகமும் கூடவே வந்துடும், சில கடைல பின்பக்கம் கட்டு கட்டா கெடக்கும். கையில 500 ரூபா, இந்த மாசத்துக்கு அவ்வளவுதான்.

போறதுக்கு முன்னாடியே ஒண்ணு முடிவு பண்ணிட்டேன், உரை இல்லாம வெறும் மூலப்பாட்டு மட்டும் இருக்குற புத்தகத்துக்கு காசு குடுக்குறதில்லைன்னு. சங்கப் பாட்டு, சிலம்பு, கம்பன் எல்லாம் மதுரைத் திட்டம்ங்கிற இணையதளத்துல போன்லயே இலவசமா படிக்கலாம், 1998லேர்ந்து ஏத்திட்டு வர்றாங்க. நமக்கு முட்டுறது அர்த்தத்துலதான், அதனால காசு உரைக்குத்தான்.

அப்படி தேடி எடுத்தது உ.வே.சா. உரையோட குறுந்தொகை. அவர் 1937ல கொண்டு வந்தது, எனக்கு கிடைச்சது பின்னாடி போட்ட அச்சு, 220 ரூபா. 401 பாட்டு, ஒவ்வொண்ணுக்கும் யார் யார்கிட்ட சொல்றதுன்னு கூற்று, பதவுரை, வாக்கியம் எப்படி முடியுதுன்னு முடிபு, கருத்து, கூடுதல் விளக்கமா விசேடவுரை, அதுக்கும் கீழ ஒப்புமைப் பகுதின்னு ஒண்ணு குடுத்திருப்பாரு பாருங்க, இதே சொல்லு, இதே எண்ணம் வேற எந்தெந்த நூல்ல வருதுன்னு வரிசையா, நாலு வரி பாட்டுக்கு அரைமணி நேரம் போயிடுது, மனசு நெறஞ்சு போகுது. ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்குன்னா கண்ண மூடிட்டு இத வாங்குங்க.

கம்பன் முழுசா வாங்க நம்ம பட்ஜெட் தாங்காது. சா. கணேசன் 1939ல கம்பன் கழகம் ஆரம்பிச்ச ஊர்ல இருந்துகிட்டு வீட்டுல கம்பன் இல்லைன்னா எப்படின்னு வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரையோட சுந்தர காண்டம் மட்டும் தனியா எடுத்தேன். கடைக்காரர் 300 சொன்னாரு, "அண்ணே பைண்டிங் விட்டுருக்கு பாருங்க"ன்னு கேட்டு 180க்கு முடிஞ்சுச்சு.

ஆனா ஒண்ணு, வீட்டுல வந்து பார்த்தா நடுவுல 16 பக்கம் இல்ல. திருப்பி எடுத்துட்டு போனா அந்த கடைல மாத்தித் தர மாட்டேன்னுட்டாங்க, ரொம்ப வருத்தமா போச்சு. அங்கயே நின்னு பக்க எண்ண ஓட்டிப் பார்த்துடுங்க, பூச்சி அரிச்ச ஓட்டை எழுத்து மேல விழுந்திருக்கான்னும் பாருங்க, ஓரத்துல இருந்தா பரவாயில்ல.

குறளுக்கு இங்க தேடாதீங்க, மு.வ. உரை புதுசே ரொம்ப கம்மி வெலைதான். புதுமைப்பித்தனும் அப்படித்தான், நாட்டுடைமை ஆனதால, அதாவது யாரு வேணாலும் அச்சடிக்கலாம்ங்கிறதால, நிறைய பேரு போடுறாங்க, ஆனா வெலைய மட்டும் பார்த்து எடுக்காம எந்த மூலத்த வச்சு அச்சடிச்சோம்னு முன்னுரைல சொல்லியிருக்குற பதிப்பா பார்த்து வாங்குங்க.

பரிமேலழகர் உரையோட பரிபாடல்னு சங்க நூல் ஒண்ணு பார்த்து வச்சிட்டு வந்திருக்கேன். 250 சொல்றாரு, சம்பளம் வந்ததும் போகணும், அதுவரைக்கும் வேற யாரும் எடுத்துடக் கூடாது.